கீரிமலைத் தீர்த்தம்

ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணத்துச் சைவ ஜனங்கள் திரள் திரளாகக் கீரிமலைக்குச் சென்று, பிதிர்க்கடன் தீர்த்து, கேணியில் ஸ்நானம் செய்து மீளுகின்றனர். மதிலுக்கு அப்பால் உப்புக் கடல். இப்பால் ஊற்று நீர். நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் இங்கே நீங்கின என்பது ஐதிகம். அதனை ஆராய நாம் புகவில்லை. இந்நீர் எங்கிருந்து வருகின்றது, இனியும் கெடாமல் வருமா என்பதே நமது கேள்வி.

அருகிலுள்ள நகுலேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். ஆறுமுக நாவலர் விதைத்த எண்ணம் அவர் காலத்துக்குப் பின் 1894-ல் மீண்டும் கோயிலாயிற்று. 1990-ல் யுத்தத்தினால் ஊர் ஜனங்கள் இடம்பெயர்ந்தனர், கோயிலும் சேதமுற்றது, பின்னர் அதுவும் புதுப்பிக்கப்பட்டது. கோயிலை மறுபடி கட்டலாம். ஊற்றைக் கட்டுதற்குச் சிற்பி இல்லை.

குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் நதி ஒன்றேனும் இல்லை. மாரி மழையே முதல். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. வலிகாமத்துக் கமக்காரன் கிணற்றில் இறைப்பதும் அதுவே. மிஞ்சியது கடலை நாடிச் செல்லும் வழியில் கீரிமலையில் வெளிப்படுகின்றது. ஆகவே கேணியை மாத்திரம் காப்பதனால் ஊற்றைக் காத்ததாகாது.

முன்னாளில் துலா மிதித்து இறைத்தார்கள். கால் சலித்தால் இறைப்பும் நின்றது. இயந்திரத்துக்கோ சலிப்பில்லை. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் ரசாயன உரம் மழையோடு இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியிருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல் வெட்டிய பள்ளங்களோ, நீரை வடிகட்டும் கல்லையே அகற்றிவிட்டன.

சட்டம் பயின்ற நமக்கு 1843-ம் வருஷத்து இங்கிலாந்துத் தீர்ப்பொன்று நினைவுக்கு வருகின்றது. தன் நிலத்தில் சுரங்கம் தோண்டி அயலான் கிணற்றை வற்றச் செய்தவன் நஷ்டஈடு கொடுக்கவேண்டியதில்லை என்றது அது. மழை மிகுந்த தேசத்து நியாயம்! கீரிமலைக்குத் தெற்கே, அதே நீர்ப்படுகையிலுள்ள சுன்னாகத்தில், மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், அசுத்தம் செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்னும் நியதியைக் கொண்டு, 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி மின் உற்பத்திக் கம்பெனிக்குக் கட்டளையிட்டது. இதனை நாம் மனமார மெச்சுகிறோம். ஆனால் எண்ணெய் இறங்கிய பின்னரன்றோ தீர்ப்பு இறங்கியது!

கேணிப் படிகளைச் செப்பனிடுவதில் உள்ள உற்சாகம், தூர்ந்துபோன குளங்களைத் தோண்டுவதில் நம்மவர்க்கு இல்லை. படியில் பெயர் பொறிக்கலாம். குளத்துச் சேற்றில் எப்படிப் பொறிப்பது? உபயகாரர் கோபியாதிருப்பாராக. மாரி தொடங்குமுன் வலிகாமத்துக் குளங்களை ஆழமாக்கி நீரைத் தேக்குதல் வேண்டும். கழிவுக் குழிகளைக் கிணற்றுக்கு எட்ட வைத்தல் வேண்டும். இரவு பகலாய் இறைப்பதற்கு ஒரு வரம்பு வகுத்தல் வேண்டும். பிரதேச சபையாரும் கோயிலாரும் கூடி, மாதந்தோறும் ஊற்று நீரின் உவரையும் நைத்திரேற்றையும் அளப்பித்து, அக்கணக்கைக் கேணி வாயிலில் எழுதி வைப்பார்களாயின், ஆடி அமாவாசைக்கு வரும் ஒவ்வொருவரும் ஸ்நானத்துக்கு முன் அதனை வாசிப்பர்.