சுட்ட பூண்டும் கடைக்காரர் பொறுப்பும்

பலசரக்குக் கடையில் சின்னச் சரக்கு, பெரிய சரக்கு என்று பேதம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அரிசி மூட்டையில் வரும் நஷ்டம் அன்றைக்கே கண்ணில் படும். வெள்ளைப்பூண்டுக் கூடையில் வரும் நஷ்டமோ சருகோடு சருகாகப் பறந்துவிடும். 2024-ஆம் ஆண்டில் பூண்டு விலை சில்லறையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோதுதான் நம்மில் பலர் அந்தக் கூடையைத் திரும்பிப் பார்த்தோம். கால் கிலோ வாங்கிய வாடிக்கையாளர்கள் ஐம்பது கிராம் கேட்டார்கள். எடை போடும்போது ஒவ்வொரு பல்லாகப் புரட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் டி. கல்லுப்பட்டியில் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு தாய்மார் கோபத்தோடு வந்தார். "அண்ணாச்சி, நூறு கிராம் நாப்பது ரூபா குடுத்து வாங்கிட்டுப் போனேன். வறுத்தா ஒரே கசப்பு. இந்தப் பூண்டை மாத்திக் குடுங்க" என்றார். மீதிப் பூண்டை வாங்கிப் பார்த்தேன். சொத்தை இல்லை, முளை இல்லை, நல்ல சரக்கு. "எப்படி வறுத்தீங்க தாயி?" என்று கேட்டேன். பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெய் புகைய வைத்து, அதில் போட்டுச் சிவக்கச் சிவக்க வறுத்ததாகச் சொன்னார். குறை பூண்டில் இல்லை, பக்குவத்தில்தான் என்று புரிந்தது.

அதைச் சொல்லி அனுப்பிவிட்டால் வாடிக்கை போய்விடும். எப்படிச் சுட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் வாடிக்கை நிற்கும். இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான். நாம் விற்கும் பண்டம் அடுப்பில் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுட்டால் ஏன் இனிக்கிறது?

முழுப் பூண்டுக்கு வாசம் குறைவு. நறுக்கினாலோ நசுக்கினாலோதான் காரமும் நெடியும் கிளம்பும். பல்லுக்குள் அல்லீன் என்ற பொருள் ஒரு அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னொரு அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து அல்லிசின் என்ற காரப்பொருள் உண்டாகிறது. 1944-இல் அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்ற இரு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

பல்லைத் தோலோடு முழுசாகச் சூடு பண்ணினால், அந்த நொதி கலப்பதற்கு முன்பே செயலிழந்துவிடுகிறது. அதனால் காரம் உண்டாவதில்லை. மெதுவான சூட்டில் பூண்டிலுள்ள இனிப்புச் சத்து வெளிப்பட்டு, பல் வெண்ணெய் போலக் குழைகிறது. ஆனால் அந்த இனிப்பு சீக்கிரம் கருகும். பொன்னிறம் தாண்டிப் பழுப்பானால் கசப்புதான். நறுக்கிய பூண்டு புகையும் எண்ணெயில் நொடியில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அன்று அந்தத் தாய்மார் வீட்டில் நடந்தது இதுதான்.

வீட்டில் சுடும் முறை

விறகு அடுப்பு இருந்த காலத்தில் நம் பாட்டிமார்கள் சமைத்து முடித்ததும் தணலை ஒதுக்கி, சூட்டுச் சாம்பலில் முழுப் பூண்டைப் புதைத்து வைப்பார்கள். மேல்தோல் கருகும், உள்ளே பல் வெந்து பஞ்சுபோல இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோற்றோடு அந்தப் பூண்டுதான் போகும்.

இன்று கேஸ் அடுப்பிலும் அதே பக்குவத்தைக் கொண்டுவரலாம். கனமான தோசைக்கல் அல்லது இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, தீயைச் சிறிதாக்க வேண்டும். உதிர்த்த பற்களைத் தோலோடு பரப்பி, அவ்வப்போது புரட்டி விட்டால் சுமார் கால் மணி நேரத்தில் தயார். அழுத்திப் பார்த்தால் பல் மெத்தென்று அமுங்க வேண்டும். முழுப் பூண்டாகச் சுடுவதென்றால் தலைப்பக்கத்தைச் சற்றே சீவி, நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, சட்டியை மூடி, அரை மணி நேரமாவது சிறு தீயில் வைத்துத் திருப்பிவிட வேண்டும். மேல்நாட்டில் ஓவனில் வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

சுட்ட பற்களைப் பிதுக்கினால் விழுது தானாக வரும். நாலு பல்லை நசுக்கி ரசம் நுரை கட்டி வரும்போது போட்டு இறக்கலாம். பூண்டுக் குழம்பில் பாதியை அரைத்துவிட்டால் குழம்பு கெட்டிப்படும். மீதியை முழுசாக, கடைசியில் சேர்க்கலாம். வறுத்த மிளகாய், புளி, உப்பு சேர்த்து அம்மியில் வைத்தால் துவையல். கம்மங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் அதைவிடத் தோதான தொடுகறி கிடையாது. நறுக்கிய பூண்டைத் தாளிப்பதாக இருந்தால், கடுகு வெடித்த பிறகு தீயைக் குறைத்துப் போட்டு, இளம் பொன்னிறத்திலேயே அடுத்த பொருளைச் சேர்த்துவிட வேண்டும்.

எந்தச் சரக்கு எதற்கு?

நம் கரிசல் காட்டில் பூண்டு விளைவதில்லை. ஆனால் பூண்டு இல்லாத வீடும் இல்லை. நமக்கு வரும் சரக்கு இரண்டு வகை. ஒன்று கொடைக்கானல் மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசமும் அதிகம், நாள்படத் தாங்கும். பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தை இந்தப் பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. மற்றொன்று வடக்கேயிருந்து வரும் சரக்கு. மத்தியப் பிரதேசத்தின் மந்சௌர், நீமச் பகுதிகளிலும் ராஜஸ்தானின் கோட்டா பகுதியிலும் விளைவது. பல் பெரிது, தோல் எளிதில் உரியும்.

சுடுவதற்குப் பெரிய, ஒரே அளவான பல்தான் வசதி. சின்னதும் பெரியதும் கலந்தால் சின்னது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும். ரசத்துக்கும் மருந்துக்கும் கேட்பவர்கள் மலைப்பூண்டையே விரும்புவார்கள். கடையில் இரண்டையும் தனித்தனிக் கூடையில் வைத்து, தனித்தனி விலை எழுதி விற்பதே முறை. வடநாட்டுச் சரக்கை மலைப்பூண்டு என்று சொல்லி விற்கும் லாபம் ஒரு நாளைக்குத்தான் வரும்.

மாசி, பங்குனியில் வரும் புதுப் பூண்டில் ஈரம் இருக்கும். கடையில் வைத்திருக்கும்போதே எடை குறையும். அந்தச் சேதாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கொள்முதல் செய்ய வேண்டும். ஐப்பசிக்கு மேல் பழைய சரக்கில் முளை கட்டும். நடுவில் பச்சை முளை உள்ள பல் சற்றுக் கசக்கும். முளையை எடுத்துவிட்டுச் சுடச் சொல்ல வேண்டும். பூண்டைக் காற்றாட, வலைப்பையில் தொங்கவிட வேண்டும். பாலிதீன் பை ஆகாது. ஃபிரிட்ஜ் குளிர்ச்சி முளையைத் தூண்டும் என்பதால், உரிக்காத பூண்டை அதில் வைக்க வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சொல்லலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பூஞ்சைத் தொற்று காரணமாகச் சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014-இல் மத்திய அரசு தடை விதித்தது. பில் இல்லாமல், விலை குறைவு என்று சொல்லி யாராவது பெரும்பல் பூண்டு கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள்.

எண்ணெய் பாட்டில் வந்த கதை

கசக்கிறது என்று சண்டைக்கு வந்த அதே தாய்மார், சில மாதம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பையில் பத்து பாட்டில். ஒவ்வொன்றிலும் பொன்னிறமாகச் சுட்ட பூண்டு, மூழ்க மூழ்க நல்லெண்ணெய். "நீங்க சொல்லிக் குடுத்த பக்குவம்தான் அண்ணாச்சி. கடையில வச்சு வித்துக் குடுங்க. உங்களுக்கும் லாபம், எனக்கும் கை செலவுக்கு ஆகும்" என்றார்.

பார்க்க அழகாக இருந்தது. வாசமும் இழுத்தது. ஆனாலும் நான் வாங்கவில்லை. அவருக்கு வருத்தம். கடன் வாங்கி எண்ணெய் வாங்கியிருந்தார். உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னேன்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கும். வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அந்த வித்து சாகாது. காற்றுப்படாத இடம், புளிப்பில்லாத ஈரப் பண்டம், சாதாரண வெப்பம், இந்த மூன்றும் கூடினால் அது முளைத்து நஞ்சு கக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதற்குச் சரியான வீடு. பண்டத்தின் வாசமும் நிறமும் மாறாமலே நஞ்சு இருக்கலாம் என்பதுதான் ஆபத்து. கண் இமை சொருகி, விழுங்க முடியாமல், மூச்சு நிற்கும்வரை போகும் நோய் அது. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய பாட்டிலை வெளியே வைத்திருந்தார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் மேலும் மூவர் பாதிக்கப்பட்ட பிறகு, இத்தகைய சரக்கில் புளிப்பு சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது.

நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சையோ புளியோ வினிகரோ தாராளமாக இருக்கிறது, உப்பும் இருக்கிறது. அந்தப் புளிப்புதான் காவல். அந்தக் காவல் இல்லாத சுட்ட பூண்டை வீட்டில் மூடிய பாத்திரத்தில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். கடை அலமாரியில் வைத்து விற்கும் பண்டம் அது இல்லை.

மாற்று வழி

"அப்ப என் உழைப்பு வீணா அண்ணாச்சி?" என்று கேட்டார். வீணில்லை, ஈரத்தை எடுத்துவிட்டால் போதும் என்றேன். பூண்டை உரித்து, மெல்லிதாகச் சீவி, நல்ல வெயிலில் ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்து, பிறகு வெறும் சட்டியில் சிறு தீயில் வறுக்கச் சொன்னேன். தனியாக வறுத்த உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், உப்போடு அரைத்தால் இட்லிக்குப் பூண்டுப் பொடி. ஈரம் இல்லாத இடத்தில் அந்தக் கிருமிக்கு வேலை இல்லை.

அடுத்த மாதம் ஐம்பது கிராம் பொட்டலங்களாகக் கொண்டுவந்தார். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்து, சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிவரை நல்லது என்பதையெல்லாம் ஒட்டிய பிறகே அலமாரியில் வைத்தேன். இன்று எங்கள் கடையில் நின்று போகாத சரக்குகளில் அதுவும் ஒன்று.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. கணக்குத் தணிக்கை படித்து, காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழிலுக்கே வாழ்வைக் கொடுத்த ஜே. சி. குமரப்பா, 1960-இல் மறையும் முன் தம் கடைசி ஆண்டுகளை அந்த ஆசிரமத்தில் கழித்தார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம் என்று கிராமத்துக் கைகளில் பக்குவமாகும் பண்டங்களுக்காகப் பேசியவர் அவர். அப்படிப்பட்ட பண்டத்துக்குச் சந்தையாக இருக்க வேண்டியது ஊர்க்கடைதான்.

கடைசியாக ஒன்று. பூண்டை மருந்து என்று சொல்லி விற்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பூண்டு சேர்க்க வேண்டுமானால் மருத்துவரைக் கேட்கட்டும். நாம் சொல்ல வேண்டியது மூன்றுதான். சிறு தீயில் சுடுங்கள், பொன்னிறத்தில் நிறுத்துங்கள், எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்காதீர்கள். பூண்டை எடை போட்டுக் கொடுக்கும் நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம். செலவு ஒன்றுமில்லை, ஒரு குடும்பம் நலமாக இருக்கும், அந்த வாடிக்கையும் நம்மிடமே நிற்கும்.