வீட்டுச் சூரிய மின்னுற்பத்திக் கண்காணிப்பு

வீட்டுச் சூரிய மின்னுற்பத்திக் கண்காணிப்பு என்பது கூரையில் பொருத்தப்பட்ட சூரியப் பலகைகள் உற்பத்தி செய்யும் மின்னாற்றலையும், அவ்வீடு நுகரும் மின்னாற்றலையும் நேரவாரியாக அளந்து ஒப்பிடுவதைக் குறிக்கும். இவை கிலோவாட் மணி அலகில் அளக்கப்படுகின்றன. வழக்கில் இவ்வலகு யூனிட் எனப்படும்.

அளக்கப்படுபவை

மின் வலையமைப்புடன் இணைந்த வீட்டில் உற்பத்தி, நுகர்வு, வலையமைப்பிலிருந்து பெறும் இறக்குமதி, வலையமைப்புக்கு அனுப்பும் ஏற்றுமதி ஆகிய நான்கு அளவுகள் முக்கியமானவை. மின் வழங்குநர் பொருத்தும் இருதிசை மின்மானி இறுதி இரண்டை மட்டுமே காட்டும். பலகைகளின் நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர், உற்பத்தியைப் பதிவு செய்கிறது. சேமிப்பு மின்கலம் இல்லாத வீட்டில் நுகர்வைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

நுகர்வு = உற்பத்தி + இறக்குமதி − ஏற்றுமதி

எடுத்துக்காட்டாக, 3 கிலோவாட் அமைப்பு ஒன்று ஒரு நாளில் 12 யூனிட் உற்பத்தி செய்கிறது எனவும், அதில் 7 யூனிட் வெளியே செல்ல, இரவில் 5 யூனிட் பெறப்படுகிறது எனவும் கொள்வோம். மின்மானியை மட்டும் பார்த்தால் வீடு 2 யூனிட் மிகுதியாக அளித்ததாகத் தோன்றும். உண்மையில் வீட்டின் நுகர்வு 10 யூனிட் ஆகும். அதில் பாதி மட்டுமே கூரையிலிருந்து நேரடியாகக் கிடைத்தது.

கட்டண முறையும் பயன்பாட்டு நேரமும்

கண்காணிப்பால் விளையும் பயன் கட்டண முறையைப் பொறுத்தது. இலங்கையில் 2010 இல் அறிமுகமான நிகர அளவீட்டு முறையில், மிகுதி யூனிட்டுகளுக்குப் பணம் தரப்படாது; அவை அடுத்த பட்டியலில் கழிக்கப்படும். 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டம், மிகுதிக்குப் பணம் தரும் முறையையும், உற்பத்தி முழுவதையும் தனியே விற்கும் முறையையும் சேர்த்தது. முழுவதையும் விற்பவருக்கு, பயன்பாட்டைப் பகலுக்கு மாற்றுவதால் ஏற்றுமதி வருவாய் மாறாது. ஆனால் ஏற்றுமதி விலை இறக்குமதி விலையினும் குறைவாக இருந்து, இரண்டும் தனித்தனியே கணக்கிடப்படும் இடங்களில், நீர் இறைக்கும் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை நண்பகலில் இயக்குவதே சிக்கனமானது.

பழுதுகளை அறிதல்

மேகமற்ற நாளில் உற்பத்தி வரைபடம் மணி வடிவில் அமையும். அதிலிருந்து விலகும் வடிவங்கள் காரணத்தைச் சுட்டுகின்றன:

* நாள்தோறும் ஒரே நேரத்தில் தோன்றும் பள்ளம்: மரம் அல்லது நீர்த்தொட்டியின் நிழல்.
* வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைதல்: பலகையில் படிந்த தூசி.
* உச்சி தட்டையாதல்: இன்வெர்ட்டரின் திறன் எல்லை.
* பகலில் திடீரெனச் சுழியமாதல்: பெரும்பாலும் மின்தடை. வலையமைப்பில் பணிபுரிவோரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்.

கோடையில் உற்பத்தி சற்றுக் குறைவது பழுதன்று. படிகச் சிலிக்கான் பலகையின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் உயரும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.4% குறையும். எனவே ஒரு மாத உற்பத்தியை முந்தைய மாதத்துடன் ஒப்பிடுவதைவிட, முந்தைய ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிடுவது பொருத்தமானது. இத்தகைய பதிவு இல்லாத வீட்டில், பலகைகளின் ஒரு பகுதி செயலிழந்தாலும் அது மின்கட்டண உயர்வாக மட்டுமே தெரியும். அவ்வுயர்வு கூடுதல் நுகர்வின் விளைவாகவும் கருதப்பட்டுவிடும்.