பொம்மை ரயிலும் பதிப்புரிமையும்

பொம்மை ரயில் சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெரியவர்கள் பலரும் வீட்டிலேயே தண்டவாளம் அமைத்து மாதிரி ரயில்களை ஓட்டி மகிழ்கின்றனர். இந்தப் பொழுதுபோக்கிலிருந்து எழுந்த ஒரு வழக்கு, கணிப்பொறி உலகின் முக்கியமான கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது. ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தவருக்கு அதன் மேல் உரிமை எதுவும் மிஞ்சுமா என்பதே அக்கேள்வி.

கணிப்பொறிக்கு நாம் இடும் ஆணைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் உள்ள நிரல் மூல நிரல் எனப்படும். கதையைப் போலவே இதற்கும் எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. வணிக நிறுவனங்கள் பல இதை மறைத்து வைக்கின்றன. வேறு சிலரோ, யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று வெளியிட்டு விடுகின்றனர். இந்த அனுமதிப் பத்திரமே திறந்த மூல உரிமம். அதில் நிபந்தனைகளும் இருக்கும். எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்பது ஒன்று; செய்த மாற்றங்களைக் குறிப்பிட வேண்டும் என்பது இன்னொன்று.

கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், மாதிரி ரயில்களைக் கணிப்பொறியால் இயக்கும் நிரலைப் பலருடன் சேர்ந்து எழுதி இவ்வாறே வெளியிட்டார். அதன் பகுதிகளை ஒரு நிறுவனம் தன் விற்பனை மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. எழுதியவர்களின் பெயர்களையோ பதிப்புரிமைக் குறிப்பையோ தரவில்லை. ஜேக்கப்சன் வழக்குத் தொடர்ந்தார்.

2007இல் கீழ் நீதிமன்றம், இது வெறும் ஒப்பந்த மீறலாகவே இருக்கலாம், பதிப்புரிமை மீறல் அன்று எனக் கருதித் தடையாணை தர மறுத்தது. இந்த வேறுபாடு சிறியதன்று. ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக நட்ட ஈடுதான் கிடைக்கும். காசே வாங்காதவருக்கு என்ன நட்டம் என்று கணக்கிடுவது? பதிப்புரிமை மீறலானால் பயன்பாட்டையே தடுத்து நிறுத்தக் கோரலாம்.

2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கருத்தை மாற்றியது. நிபந்தனையை மீறியவருக்கு அனுமதியே இல்லை. எனவே அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. பணம் கைமாறாவிட்டாலும், நற்பெயரும் பிறர் செய்யும் திருத்தங்களும் ஆசிரியருக்குக் கிடைக்கும் பயன்களே என்றும் விளக்கியது. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆசிரியரின் பிடிக்கும் எல்லை உண்டு. திறந்த மூல நிரலை இன்னார் பயன்படுத்தக் கூடாது என்று அவர் விலக்க இயலாது. ஆயினும், வழிப்போக்கருக்குத் திண்ணையைத் திறந்துவிட்டவர் வீட்டையே எழுதிக் கொடுத்தவர் ஆகமாட்டார் அல்லவா?