கோவா புட்டியில் இருப்பது போர்ட்தானா?

அணுசக்தி நகர், செம்பூர் வட்டாரத் தமிழர்கள் கோவா போய்த் திரும்பும்போது, பையில் முந்திரிப் பருப்போடு ஒரு புட்டி 'போர்ட் ஒயின்' வருவது புதிதல்ல. விலை மலிவு, இனிப்பு தூக்கல். கிறிஸ்துமஸ் கேக்குக்கும் ஆகும். ஆனால், அது போர்ட்தானா என்று போர்ச்சுகல்காரரைக் கேட்டால், இல்லவே இல்லை என்பார்.

போர்ச்சுகலின் வடக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வதுதான் போர்ட். ஆற்று முகத்துவாரத்தில் உள்ள போர்ட்டோ நகரின் பெயரே மதுவுக்கும் வந்தது. கலப்படம் பெருகியதால் 1756-ம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு எல்லை வகுத்து, அதற்குள் விளைந்தால்தான் போர்ட் என்று சட்டம் போட்டுவிட்டது.

செய்முறையும் தனி. சாறு புளிக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில், சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறுவதற்கு முன்பே, திராட்சையிலிருந்து வடித்த 77 சதவீத ஸ்பிரிட்டை ஊற்றுகிறார்கள். ஏறத்தாழ நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு. அதோடு புளிப்பது நின்றுபோகிறது. மிச்சச் சர்க்கரை தங்கிவிடுகிறது. ஆக, அந்த இனிப்பு பழத்தின் இனிப்பு. வீரியம் பெரும்பாலும் 19 முதல் 22 சதவீதம். பிறகு மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் உறக்கம்.

கோவா சரக்குக்குப் பெரும்பாலும் கர்நாடகத்து 'பெங்களூர் ப்ளூ' திராட்சைதான் ஆதாரம். 1961-ல் போர்ச்சுகீசியர் போனார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. குடிப்பவருக்குப் பிடித்திருந்தால் தவறில்லை. ஆனால் எது எது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இந்த வேலையைத்தான் செய்திமடல் செய்கிறது. அமெரிக்கரான ராய் ஹெர்ஷ், போர்ட்டுக்கென்றே ஒரு செய்திமடல் நடத்தினார். சுவைத்துப் பார்த்த குறிப்புகள், டோரு பயண விவரம், தயாரிப்பாளர்களிடம் கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள் என்று, குடிப்பவரையும் தயாரிப்பவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தது அது. தில்லியில் சுபாஷ் அரோரா 'டெல்வைன்' என்ற செய்திமடலைத் தொடங்கினார். விளம்பரம் சொல்லாததை இத்தகைய மடல்கள் சொல்லிவிடும் என்பதால், தயாரிப்பாளர்களும் இவற்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டுப் புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னைக் கிண்டியில். 'போர்ட்டோ' என்ற பெயர் அங்கே பதிவாகியுள்ளது. அதே ஏட்டில் 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' இருக்கிறது. 2023-ல் நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சையும் இடம்பிடித்தது. டோரு விவசாயிக்குப் பெயர் எவ்வளவு பெரிய சொத்தோ, கம்பத்து விவசாயிக்கும் அவ்வளவே. வேறு ஊர்ப் பழத்தைக் கூடையில் குவித்து 'கம்பம் பன்னீர்' என்று ஒருவர் கூவி விற்றால், விலை இறங்குவது கம்பத்தில்தான்.

ஆண்டு முழுவதும் காய்க்கும் திராட்சை என்பது கம்பத்தின் தனிப் பெருமை. அங்கேயே ஒயின் ஆலையும் இருக்கிறது. தோட்டத்தில் என்ன விளைகிறது, ஆலைக்கு எவ்வளவு போகிறது, என்ன விலை கிடைக்கிறது என்று மாதம் ஒரு தாள் தமிழில் போட்டால், செம்பூர் மார்க்கெட்டில் பழம் வாங்குபவரும் படிப்பார்.