தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால்

“இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்ற கேலி மலேசியத் தமிழர் வீடுகளில் சாதாரணம். பேராக்கின் அந்தச் சிற்றூரில் 1911இல் மனநோய் மருத்துவமனை திறந்தார்கள். அங்கே போய் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் பலர். ஊரும் உறவும் கைவிட்டுப் போயின.

அந்தத் தூரத்தைக் குறைத்தது பினாங்கு. பொது மருத்துவமனைக்குள் மனநல வார்டு என்ற ஏற்பாடு நாட்டில் முதலில் வந்தது இங்கேதான், 1958இல். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வருகிற வாசலிலேயே மனநோயாளியும் வரலாம் என்றானது.

அடுத்த தூரம் வார்டுக்கும் வீட்டுக்கும் இடையில். 2001இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு வழிவிட்டது. ‘மென்தாரி’ என்ற பெயரில் இயங்கும் இவை, தேறியவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, வேலையில் நிலைக்கவும் துணை நிற்கின்றன. நோய் கட்டுக்குள் இருப்பவர் அருகிலுள்ள அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்கலாம்.

தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காட்டினருக்கு. மருத்துவமனை மட்டும் இதைத் தாங்காது; சட்டமும் மாற வேண்டியிருந்தது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. காவல்துறை, சமூகநலத் துறையோடு தீயணைப்புப் படையும் நெருக்கடியில் தலையிட வழிசெய்தது.

சட்டம் எட்டாத இடமும் உண்டு. நம்மவர்களில் பலர் முதலில் போவது கோவிலுக்கு, சாமியாடியிடம், மலாய் மந்திரவாதியான போமோவிடம். மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்து வரும் தமிழ்நாட்டு ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அங்கே தர்காவை ஒட்டியே மருத்துவமும் வந்தது. பிரார்த்தனையை விடச் சொல்லாமல் மாத்திரையையும் கொடுத்தார்கள். பினாங்குக் கோவில் நிர்வாகங்களும் கிளினிக்குகளும் இப்படிக் கைகோக்கலாமே?

ஆனால் கூடிச் செய்யும் வேலையில் ஒரு ஆபத்து: எல்லோருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்புமில்லை என்றாகிவிடும். ஆகவே வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். கிளினிக் தேதி தவறினால் வீட்டுக்குப் போன் செய்வதும், முதலாளியிடம் பேசுவதும் அவர் வேலை. அந்தப் பதவிக்குச் சம்பளம் ஒதுக்காதவரை, ஒத்துழைப்பு என்பது கூட்டக் குறிப்போடு நின்றுவிடும்.