திருநீர்மலை: குரோம்பேட்டையிலிருந்து ஒரு பங்குனி நடைப்பயணம்

திருநீர்மலை, சென்னையின் தென் புறநகர்ப் பகுதியில், குரோம்பேட்டைக்கு மேற்கே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு குன்றும் அதைச் சுற்றி அமைந்த ஊரும் ஆகும். வைணவர்கள் போற்றும் 108 திவ்வியதேசங்களுள் இது ஒன்று. பங்குனி, சித்திரை மாதங்களில் இங்கு நடைபெறும் பிரம்மோற்சவங்களின்போது சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரளாக வருவர். குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, நாகல்கேணி வழியாகக் குன்றை நோக்கி நடந்தே செல்ல முடியும். நடை சிறியது, மலை ஏறி இறங்குவதையும் சேர்த்து ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆனால் பக்தி இலக்கியம், தோல் தொழில், ஏரி, ஆறு, வெள்ளம் ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்லும் பாதை இது. அந்தப் பாதையையும் அதில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பங்குனி எந்தப் பருவம்?

பங்குனி மாதம் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகிறது. உலகின் வடபகுதி நாடுகளில் இது வசந்த காலம். ஜப்பானில் செர்ரி மரங்கள் பூப்பதும், யாத்திரிகர்கள் கிராமப் பாதைகளில் நடக்கத் தொடங்குவதும் இக்காலத்தில்தான். தமிழ் மரபின் ஆறு பருவப் பகுப்பில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். எனவே பங்குனித் திருவிழா இளவேனிலின் வாயிலில் நிற்கும் விழா எனலாம். வேம்பு பூக்கும், புங்க மரம் புதுத்தளிர் விடும், மாமரம் பிஞ்சு பிடிக்கும். மழைக்காலத்தில் நிறைந்த ஏரிகளில் நீர் குறைந்து, கரைகள் வெளிப்படும் காலமும் இதுவே. சென்னையைப் பொறுத்தவரை வெயில் ஏறத் தொடங்கிவிடும் என்பதால், நடப்பவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுவது நல்லது.

பங்குனி மாதத்து உத்திர நட்சத்திர நாளான பங்குனி உத்திரம் தெய்வத் திருமணங்களின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. திருவரங்கத்தில் பெருமாளும் தாயாரும் சேர்ந்து காட்சி தரும் சேர்த்தி சேவை அன்றுதான். முருகன் கோயில்களிலும் அந்நாள் சிறப்பானது. குரோம்பேட்டையிலேயே உள்ள குமரன் குன்றம் கோயிலில் அன்று காவடியும் பால்குடமும் எடுப்பவர்களைக் காணலாம்.

புறப்படும் இடம்: குரோம்பேட்டை

யாத்திரைப் பாதைகள் பெரும்பாலும் பழமையான ஊர்களில் தொடங்குகின்றன. இந்தப் பாதை தொடங்கும் ஊரின் பெயரோ 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கு நிறுவப்பட்ட குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையிலிருந்தே குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது.

தமிழகத்தில் ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோலைப் பதப்படுத்துவதே பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் நாள் ஆகும். குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் முறையில் அந்தக் காலம் வெகுவாகக் குறைந்தது. தோலும் நீரையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இம்முறையைப் பரப்ப முயன்றவர்களில் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். ஆக, ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து, நீரின் பெயரைத் தாங்கிய மலையை நோக்கி நடப்பதாக இந்தப் பயணம் அமைகிறது.

வழியில்: நாகல்கேணி

குரோம்பேட்டையிலிருந்து மேற்கே செல்லும் திருநீர்மலைச் சாலையில் முதலில் வருவது நாகல்கேணி. தலபுராணத்தில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. திருமங்கையாழ்வார் இம்மலையை வழிபட வந்தபோது, மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் அணுக முடியவில்லை. நீர் வடியும்வரை ஆறு மாத காலம் அருகிலேயே தங்கியிருந்து, பின்னரே மலையேறி வழிபட்டார். அவர் தங்கிய இடம் நாகல்கேணி என்பது மரபு. நீரால் சூழப்பட்ட மலை என்பதால் நீர்மலை என்ற பெயர் ஏற்பட்டதாகவும் தலபுராணம் கூறுகிறது.

இன்றைய நாகல்கேணி தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதி. குரோமிய முறையில் பதப்படுத்தும்போது தோல் ஏற்றுக்கொள்ளாத குரோமியமும், மிகுதியான உப்பும் கழிவுநீரில் கலக்கின்றன. சுத்திகரிக்காமல் விட்டால் அவை நிலத்தில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. பல்லாவரம் வட்டாரத் தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் நாகல்கேணியில் உள்ளது. இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் இதே தெருக்களில் இருக்கின்றன.

நீர் மிகுந்ததால் ஆழ்வார் காத்திருந்ததாகச் சொல்லப்படும் ஊரில், நீர் கெடாமல் காப்பதே இன்றைய கேள்வியாக உள்ளது. கோயிலுக்குப் பேருந்தில் செல்பவர் கண்ணில் இது படாது. நடந்து செல்பவர் இதைக் கடந்துதான் போக வேண்டும்.

மலையும் நான்கு திருக்கோலங்களும்

திருநீர்மலையில் மலையடிவாரத்தில் ஒரு கோயிலும் மலைமேல் ஒரு கோயிலும் உள்ளன. அடிவாரக் கோயிலில் மூலவர் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். தாயார் பெயர் அணிமாமலர் மங்கை. எதிரே திருக்குளம் அமைந்துள்ளது. படிகளேறி மேலே சென்றால், அமர்ந்த கோலத்தில் நரசிம்மரும், பள்ளிகொண்ட கோலத்தில் அரங்கநாதரும், உலகளந்த திருவிக்கிரமரும் தனித்தனிச் சன்னதிகளில் உள்ளனர். இவ்வாறு நின்ற, இருந்த, கிடந்த, நடந்த ஆகிய நான்கு திருக்கோலங்களையும் ஒரே தலத்தில் காணலாம் என்பதே திருநீர்மலையின் தனிச்சிறப்பு.

பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழி முழுவதும் இம்மலைக்கு உரியது. அதன் முதற்பாட்டு நான்கு ஊர்களை நினைவூட்டுகிறது: நறையூர், திருவாலி, குடந்தை, கோவலூர். நறையூர் என்பது இன்றைய நாச்சியார்கோயில். குடந்தை என்பது கும்பகோணம். திருவாலி சீர்காழிக்கு அருகிலும், திருக்கோவலூர் தென்பெண்ணை ஆற்றங்கரையிலும் உள்ளன. அங்கு நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் அருளும் பெருமானுக்கு இடம் இந்த நீர்மலை என்பது பாட்டின் கருத்து. பல நாள் நடந்து காண வேண்டிய நான்கு ஊர்களை ஒரு குன்றில் கண்டார் ஆழ்வார்.

நெடும் பயணத்தைச் சிறு வட்டத்துக்குள் அடக்கும் இந்த எண்ணம் பிற நாடுகளிலும் உண்டு. ஜப்பானின் சிகோக்கு தீவில் கூக்கை என்ற பௌத்தத் துறவியின் நினைவைப் போற்றி 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை இருக்கிறது. கூக்கை வாழ்ந்த காலம் கி.பி. 774 முதல் 835 வரை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை முழுவதும் நடக்க ஆறு வாரங்கள்வரை ஆகும். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களுக்காக, அதே 88 என்ற எண்ணிக்கையில் சிறிய சுற்றுப்பாதைகள் ஜப்பானின் பல ஊர்களில் அமைக்கப்பட்டன. ஷோடோஷிமா தீவில் உள்ள பாதை அவற்றுள் புகழ்பெற்றது.

வழிகாட்டியின் பங்கு

சிகோக்கு யாத்திரையில் பலமுறை சென்றுவந்த அனுபவமுடையவர் குழுவை வழிநடத்துவார். அவரை ஜப்பானியர் செண்டாட்சு என்பர். வழியோர மக்கள் யாத்திரிகர்களுக்கு உணவோ பழமோ பணமோ கொடுத்து உபசரிப்பதும் அங்கு நெடுநாள் வழக்கம். இவ்விரண்டும் தமிழருக்குப் புதியவை அல்ல. சபரிமலைக்குச் செல்லும் குழுவில் குருசாமி இருக்கிறார். பழனிப் பாதயாத்திரை செல்லும் சாலைகளில் தண்ணீர்ப்பந்தலும் நீர்மோரும் அன்னதானமும் உண்டு.

குருசாமியின் வேலை பாதை காட்டுவதோடு முடிவதில்லை. எங்கே ஓய்வெடுக்க வேண்டும், யார் களைத்திருக்கிறார், எந்த இடத்தில் எந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். திருநீர்மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியரோ, பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோரோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். நாகல்கேணியில் ஆழ்வார் காத்திருந்த கதையையும் கழிவுநீரின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இடம் முழுமையாகப் புரியும்.

மலையுச்சியிலிருந்து தெரிவது

மேல் கோயிலை அடைந்ததும் நான்கு திசைகளையும் பார்க்கலாம். மேற்கே அடையாறு ஓடுகிறது. தாம்பரத்துக்கு மேற்கிலுள்ள ஏரிகளின் உபரி நீரைப் பெற்று, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைக் கடந்து, திருநீர்மலையை ஒட்டி அனகாபுத்தூர் நோக்கிச் செல்லும் ஆறு இது. குன்றின் அருகே திருநீர்மலை ஏரியும், தாம்பரத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் புறவழிச்சாலையும் உள்ளன.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் உள்ளிட்ட கரையோரப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். மலையைச் சுற்றி நீர் நின்றது என்று தலபுராணம் சொல்வதை வெறும் கற்பனை என ஒதுக்குவது அதன்பின் எளிதன்று. ஆறும் ஏரிகளும் சூழ்ந்த தாழ்நிலத்தில் எழுந்த குன்று இது. பெருமழைக் காலத்தில் இங்கு நீர் சேர்வது இயல்பு. அந்த இயல்பை ஊர்ப்பெயர் பதிவு செய்து வைத்திருக்கிறது. நீர் நிற்கும் இடம் எது என்பதை மறந்து கட்டிய குடியிருப்புகளே வெள்ளத்தில் பெரிதும் பாதிக்கப்பட்டன.

கிழக்கிலும் வடகிழக்கிலும் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகள் தெரியும். நடையை மற்றொரு நாள் தொடர விரும்புவோர்க்கு அவை ஏற்ற இடங்கள்.

பல்லாவரம்: 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட் இங்கு பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலின் முக்கியக் கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் இங்கு உள்ளது. பிற்காலத்தில் அது இஸ்லாமியர் வழிபடும் இடமாயிற்று.

திரிசூலம்: குன்றுகளின் நடுவே திரிசூலநாதர் கோயில் அமைந்துள்ளது. இங்கு சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சுற்றியுள்ள குன்றுகளைக் கல்குவாரிகள் குடைந்திருப்பதையும் காணலாம். இவ்வட்டாரப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயர்.

பரங்கிமலை: புனித தோமையார் மலை எனவும் வழங்கும் இங்கு தவக்காலத்தில் கிறித்தவர்கள் படியேறி வழிபடுவர். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் மாபெரும் நில அளவைக்கான அடிக்கோட்டு அளவீட்டை இதன் அருகே தொடங்கினார்.

செல்வோர் கவனத்துக்கு

நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால், காலை 6 மணிக்குள் குரோம்பேட்டையிலிருந்து புறப்படுவது நல்லது. அடிவாரக் கோயிலைத் தரிசித்த பிறகு மலையேறலாம். படிகளில் செருப்பின்றி ஏற வேண்டியிருப்பதால், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். சாலையில் லாரிப் போக்குவரத்து உண்டு. பிள்ளைகளுடன் செல்வோர் ஓரமாக வரிசையில் நடக்க வேண்டும். குடிநீரை மீண்டும் நிரப்பக்கூடிய பாத்திரத்தில் எடுத்துச் சென்றால், மலையிலும் குளக்கரையிலும் நெகிழிக் குப்பை சேராது.

நிறைவாக

திருநீர்மலைப் பேரூராட்சி, 2021ஆம் ஆண்டு நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. குன்றைச் சுற்றியிருந்த வயல்கள் பெரும்பாலும் குடியிருப்புகளாகிவிட்டன. இந்த மாற்றத்தின் நடுவே மலையும் குளமும் ஏரியும் இன்னும் இருக்கின்றன. திருவிழாவுக்கு நடந்து வருபவர் குளத்தில் நீர் எவ்வளவு இருக்கிறது, ஏரியின் கரை எங்கே நிற்கிறது என்பதை ஆண்டுதோறும் தம் கண்ணால் பார்க்கிறார். அப்படிப் பார்ப்பவர்கள் இருக்கும்வரை, அவற்றில் ஒன்று குறைந்தாலும் ஊருக்குத் தெரியும்.