இரண்டு வீட்டுக் குழந்தை

விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்ட காலம் ஒன்று நம் பக்கத்தில் இருந்தது. இப்பொழுதோ சிவகங்கைக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கும் குடும்பங்கள் சிங்கம்புணரியிலும் இருக்கின்றன. வழக்கு முடிந்தபின் சிலர் மறுவிவாகம் செய்துகொண்டு புது வாழ்க்கை தொடங்குகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், முதல் விவாகத்தில் பிறந்த குழந்தை ஒன்று இருந்துவிட்டால், பழைய கணவனுக்கும் புதிய கணவனுக்கும், அல்லது பழைய மனைவிக்கும் புதிய மனைவிக்கும் மூளும் சச்சரவு அந்தக் குழந்தையின் தலையில் வந்து விடிகிறது. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் இதை வக்கீல்களுக்கு முன்பே பார்த்துவிடுகிறோம். சாயங்கால மணி அடித்ததும் பள்ளி வாசலில் இருவர் முறைத்துக்கொண்டு நின்றால், யாரோடு போவது என்று தெரியாமல் பிள்ளை நம் முகத்தைத்தானே பார்க்கிறது?

மாற்றாந்தாய் என்ற சொல் தமிழில் பழமையானது. மாற்றாந்தகப்பன் என்பதோ இன்னும் காதுக்குப் புதிதாகவே ஒலிக்கிறது. அறுத்துக் கட்டும் வழக்கம் சில சமூகங்களில் இருந்தபோதிலும், மேல்ஜாதிக் குடும்பங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை. 1856-ஆம் வருஷத்து விதவா விவாகச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது வாஸ்தவமே. ஆனால், இறந்த கணவன் உயிலில் மனைவியைக் கார்டியனாக நியமித்திராவிடில், அவள் மறுமணம் செய்துகொண்டதும் கணவனைச் சேர்ந்தவர்கள் குழந்தைக்கு வேறு கார்டியன் கேட்டு மனுச் செய்யலாம் என்று அதே சட்டம் வழி வைத்தது. கணவன் வேண்டுமானால் குழந்தையை விட்டுவிடு என்று சொல்லாமல் சொன்னதற்கு இது சமானம். அச்சட்டம் 1983-இல் ரத்தாயிற்று. அந்த எண்ணம் மட்டும் நம் வீடுகளை விட்டு இன்னும் முழுவதும் போகவில்லை.

இன்றைய சட்டம் வேறு. 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டமும், இந்துக்களுக்குரிய 1956-ஆம் வருஷத்து மைனர் சட்டமும் குழந்தையின் க்ஷேமத்தையே பிரதானமாகக் கொள்கின்றன. 1973-இல், நமது சென்னை ஹைகோர்ட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டார் எடுத்துரைத்தார்கள். 2006-இல், கேரளத்து வழக்கு ஒன்றில், தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தார்கள். ஆகவே, மறுவிவாகத்தால் மட்டும் யாரும் குழந்தையை இழப்பதில்லை. மறுவிவாகத்தோடு வரும் சண்டையே ஆபத்து.

இதற்குக் காரணம் உண்டு. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு சிறு விளக்கம் இருக்கிறது: தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்பதே அது. முறைப்படி தத்து எடுத்துக்கொண்டாலன்றி, புதிதாக வந்தவருக்கு அந்தக் குழந்தையின் மீது கார்டியன் உரிமை தானாக ஏற்படுவதில்லை. உரிமையில்லாத அவர் முன்னாள் கணவனோடோ மனைவியோடோ மல்லுக்கு நின்றால், அதன் பலனை அனுபவிக்கிறவர் வழக்கில் நிற்கும் பெற்றவரே.

அது எப்படி என்பதையும் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் குழந்தையைச் சந்திக்கலாம் என்று கோர்ட்டு உத்தரவு இருக்கும். புதுக் கணவர் வாசலில் நின்று, "குழந்தைக்கு உடம்பு சரியில்லை, போய் வாருங்கள்" என்பார். இப்படி நான்கு ஞாயிறு கழிந்தால், உத்தரவை மீறியவள் தாய் என்றே மனு வரும். அல்லது கைபேசியில் அவர் அனுப்பிய வசைமொழிகள் அச்சிடப்பட்டு நீதிபதியின் மேஜைக்குப் போகும். விவரம் தெரிந்த வயதுள்ள பிள்ளையானால் நீதிபதி தனியே அழைத்துப் பேசுவதும் உண்டு. "என் அப்பாவை அவர் திட்டுகிறார்" என்று பிள்ளை சொல்லிவிட்டால், அதற்கு எந்த வக்கீல் பதில் சொல்ல முடியும்? ஒரு பெற்றோருக்கு எதிராக மற்றவர் குழந்தையின் மனத்தைத் திருப்புவது எவ்வளவு கேடு என்பதை 2017-இல் சுப்ரீம் கோர்ட்டார் விரிவாகவே ஆராய்ந்தார்கள். குழந்தையை ஒப்படைக்கும் உத்தரவு என்றைக்கும் முடிந்த முடிவு அல்ல. நிலைமை மாறினால் உத்தரவும் மாறக்கூடும்.

தென்னை நாரில் கயிறு திரிக்கும் நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரு முனையையும் விடாமல் இழுத்தால் நடுவில்தான் நையும்.

துருவன் கதையை நம் வீட்டுக் குழந்தைகள் அறிவார்கள். தகப்பனின் மடியில் ஏறப் போன பாலகனைச் சிற்றன்னை சுருசி தடுத்தாள். கதை சொல்லும் பாட்டிமார் சுருசியைத்தான் வைவார்கள். உத்தானபாதன் அங்கே வாய் திறவாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நமக்கோ அந்த மௌனமே பெரிய குற்றமாகப் படுகிறது. குழந்தைக்காகப் பேச வேண்டியவர் பெற்றவர். அவர் பேசாத இடத்தில்தான் மற்றவர் பேச நேரிடுகிறது.

ஆகவே, இவ்விதக் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிலவே. குழந்தையைப் பற்றிய பேச்சு பெற்ற இருவருக்குள் மட்டும் நடக்கட்டும். அழைத்துப் போகவும் கொண்டு விடவும் புதியவர் போக வேண்டாம். போக நேர்ந்தால் ஒரு வணக்கத்தோடு நிற்கட்டும். "இனி இவர்தான் உன் அப்பா" என்று குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அன்பு இருந்தால் அழைப்பு தானே வரும். யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதைக் கோர்ட்டு உத்தரவின் நகலோடு பள்ளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கட்டும். தகராறு முற்றினால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன் சமரசத்தை நாடலாம். சமரசத்துக்கு முயல்வது குடும்பக் கோர்ட்டின் கடமை என்று 1984-ஆம் வருஷத்துச் சட்டமே விதித்திருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

பிறர் பெற்ற பிள்ளைக்குச் சோறிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் கண்விழித்த மாற்றாந்தாய்மாரும் மாற்றாந்தகப்பன்மாரும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தம் மனைவியின் முன்னாள் கணவரைப் பற்றி அந்தப் பிள்ளையின் காதில் ஒரு கடுஞ்சொல் விழாமல் பார்த்துக்கொள்ளும் மனிதர், கோர்ட்டில் பெயர் இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளைக்குத் தகப்பனாகவே ஆகிவிடுகிறார்.